சூரியக் காற்றும் பூமியின் காந்தமண்டலமும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மே 10ஆம் திகதி பூமியை ஒரு பெரிய காந்தப் புயல் தாக்கியது. சூரியனில் இருந்து வரும் துணிக்கை ஓட்டத்தால் பூமியின் காந்தப்புலம் கலங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இலங்கையில் எங்கள் நேரப்படி அது தொடங்கியபோது இரவு 10.35 இருக்கும். மறுநாள் விடியுமுன்பே ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பிய இளஞ்சிவப்பு வானப் படங்கள் வன்னியில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டன. அதன் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஏ.எல் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளை முதலில் நினைத்து எழுதினேன். கணக்கு ஓரிடத்தில் மட்டும் வருகிறது. வேண்டாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

வெற்றிடத்தில் காற்று எப்படி வீசும்? சூரியக் காற்று என்பது என்ன?

நாங்கள் மூச்சுவிடுகிற காற்றோடு அதைக் குழப்பவேண்டாம். சூரியனின் வெளி வளிமண்டலத்தைக் கொரோனா என்பார்கள். அங்கே வெப்பநிலை பத்து இலட்சம் பாகைக்கு மேல். அந்தச் சூட்டில் ஐதரசன் அணு முழுசாக நிற்காது. புரோத்தன் வேறாகவும் இலத்திரன் வேறாகவும் பிரிந்துவிடும். ஏற்றம் பெற்ற துணிக்கைகள் இப்படிக் கலந்து கிடக்கும் நிலைதான் பிளாஸ்மா. சூரியனின் ஈர்ப்பால் இதை முழுவதும் பிடித்துவைக்க முடியவில்லை. ஆகவே அது எல்லாப் பக்கமும் இடைவிடாமல் வெளியே ஓடுகிறது.

பூமிக்கு வந்து சேரும்போது அதன் வேகம் செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர். சில நாட்களில் 700, 800 வரை ஏறும். அடர்த்தி மட்டும் மிகக் குறைவு: ஒரு கன சென்ரிமீற்றருக்குள் ஐந்து புரோத்தன் அளவில்தான் இருக்கும். 1958இல் அமெரிக்க விஞ்ஞானி யூஜின் பார்க்கர் இப்படி ஒரு ஓட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1962இல் வெள்ளிக் கிரகத்துக்குப் போன மரினர் 2 விண்கலம் வழிநெடுக அந்தக் காற்றை அளந்துகொண்டே போனது. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் காற்றுக்குள் காந்தப்புலம் எங்கிருந்து வந்தது?

சூரியனில் இருந்துதான். பிளாஸ்மா மிக நல்ல மின்கடத்தி. அவ்வளவு நல்ல கடத்தி ஓடும்போது அதனுள் இருக்கும் காந்தப்புலக் கோடுகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பிளாஸ்மா நேராக வெளியே ஓடுகிறது. ஆனால் கோட்டின் அடி சூரியனில் ஊன்றியிருக்கிறது. சூரியனோ, பூமியில் இருந்து பார்க்கும்போது, சுமார் 27 நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதனால் கோடு சுருளாக வளைகிறது. பூமியின் தூரத்துக்கு வரும்போது சூரியனையும் பூமியையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு அது ஏறக்குறைய 45 பாகை சரிந்திருக்கும். இதைப் பார்க்கர் சுருள் என்பார்கள்.

அதன் வலிமை சாதாரண நாளில் 5 நனோதெஸ்லா அளவு. (தெஸ்லா காந்தப்புலத்தின் அலகு; நனோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு.) வன்னியில் நாங்கள் நிற்கிற நிலத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நனோதெஸ்லா. எட்டாயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஒன்று எப்படிப் பூமியை அசைக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். மிகச் சரியான இடத்தில் பிடித்த கேள்வி அது. வலிமையை விட்டு, அந்தப் புலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. சுருள் பெரும்பாலும் கிரகங்கள் சுற்றும் தளத்திலேயே கிடக்கும். ஆனால் வழியில் வரும் குழப்பங்களும் சூரியனில் இருந்து வெடித்துக் கிளம்பும் பெரும் பிளாஸ்மா முகில்களும் அதை வடக்கே பார்க்கவும் தெற்கே பார்க்கவும் திருப்பிவிடும்.

பூமியின் காந்தமண்டலம் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது?

பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியைத்தான் காந்தமண்டலம் என்கிறோம். சூரியன் இருக்கும் பக்கத்தில் அது பூமியின் மையத்தில் இருந்து சுமார் 64,000 கிலோமீற்றர், அதாவது பூமியின் ஆரையைப் போலப் பத்து மடங்கு. அந்த இடத்தில் சூரியக் காற்றின் தள்ளலும் பூமியின் காந்தப்புலத்தின் அழுத்தமும் சமன்படுகின்றன. சூரியனில் இருந்து வரும் பிளாஸ்மா முகிலுக்குள் பூமியின் புலம் ஒரு குழியை உண்டாக்கும் என்று சப்மன், ஃபெராரோ என்ற இரு விஞ்ஞானிகள் 1930களின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அந்த எல்லைக்கு வெளியே, சுமார் 90,000 கிலோமீற்றரில், ஒரு அதிர்ச்சி அலை நிரந்தரமாக நிற்கிறது. சூரியக் காற்று அந்தப் பிளாஸ்மாவில் அலைகள் ஓடக்கூடிய வேகத்தைவிட விரைவாக வருவதால், முன்னே ஒரு தடை இருக்கிறது என்ற செய்தி அதற்குப் போய்ச் சேருவதில்லை. திடீரென்று மோதி, வேகம் குறைந்து, சூடேறி, பூமியின் எல்லையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது.

இரவுப் பக்கம் கதை வேறு. அங்கே காந்தமண்டலம் நீண்ட வாலாக இழுபட்டு நிலவின் பாதையையும் தாண்டிப் போகிறது. பூரணையை ஒட்டிய சில நாட்கள் நிலவு அந்த வாலுக்குள்தான் இருக்கும். மாதா மாதம் போயா தினத்தில் நிலவைப் பார்க்கிற நாங்கள், பூமியின் காந்த வாலுக்குள் நிற்கும் நிலவைத்தான் பார்க்கிறோம்.

எல்லை ஒன்று இருக்கிறதென்றால் சக்தி எப்படி உள்ளே வருகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

சூரியனை நோக்கிய எல்லையில் பூமியின் காந்தப்புலம் வடக்கே பார்த்து நிற்கிறது. வரும் காற்றின் புலமும் வடக்கே பார்த்திருந்தால் இரண்டு பக்கத்துக் கோடுகளும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஒன்றையொன்று அழுத்தும், விலக்கும். பெரிதாக ஒன்றும் நடக்காது. வரும் புலம் தெற்கே திரும்பியிருந்தால் நேர் எதிரான இரண்டு புலங்கள் ஒரு மெல்லிய படலத்தில் சந்திக்கின்றன. அந்தப் படலத்துக்குள், பிளாஸ்மா கோடுகளைக் கூட இழுத்துச் செல்லும் என்று மேலே சொன்ன விதி உடைந்துபோகிறது. சூரியக் காற்றின் கோடும் பூமியின் கோடும் அறுந்து, ஒன்றின் பாதி மற்றதன் பாதியோடு சேர்ந்துகொள்கிறது. இதுதான் காந்த மறுஇணைப்பு. 1961இல் பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் டஞ்சி இதைப் பூமிக்குப் பொருத்திக் காட்டினார்.

சேர்ந்த பிறகு நடப்பதைப் படிப்படியாக மனதில் வரைந்து பாருங்கள். அதுவரை பூமியின் அந்தக் கோட்டுக்கு இரண்டு கால். ஒன்று வட அரைக்கோளத்தில், மற்றது தென் அரைக்கோளத்தில். இப்போது கோடு இரண்டாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் பூமியில், மறு நுனி சூரியக் காற்றுக்குள். காற்று நிற்காமல் ஓடுவதால் அந்த நுனியையும் இழுத்துக்கொண்டு துருவங்களுக்கு மேலாக இரவுப் பக்கம் போகிறது. கோடுகள் வாலில் அடுக்கடுக்காகச் சேருகின்றன. வாலின் மேல் பாதியில் புலம் பூமியை நோக்கியும் கீழ்ப் பாதியில் பூமியை விட்டு விலகியும் இருக்கும். அங்கும் எதிரெதிர்ப் புலங்கள்தானே, ஒரு கட்டத்தில் நடுவே மறுஇணைப்பு நடக்கிறது. பூமிப் பக்கத்துத் துண்டு மீண்டும் இரண்டு காலுள்ள கோடாகிப் பூமியை நோக்கிச் சுருங்கி, இரு பக்கமாகவும் சுற்றிப் பகல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். இந்தச் சுழற்சிக்கு டஞ்சி சுழற்சி என்றே பெயர்.

நீண்ட காலம் இது தாளில் இருந்த விளக்கம்தான். 2015 மார்ச்சில் எம்.எம்.எஸ் என்ற நான்கு விண்கலங்களை ஏவினார்கள். அவை ஒன்றுக்கொன்று பத்துக் கிலோமீற்றர் அளவு நெருக்கத்தில் நான்முகி வடிவில் பறந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 16இல், பகல் பக்கத்து எல்லையில், இலத்திரன்கள்கூடக் காந்தக் கோட்டின் பிடியை விட்டு விலகும் அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அவை புகுந்து அளந்தன. பல ஆயிரம் கிலோமீற்றர் பரந்த ஒரு எல்லை திறந்துகொள்வதை ஒரு சில கிலோமீற்றர் அகலமான படலம் தீர்மானிக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

புலம் வடக்கே பார்த்திருந்தால் கதவு முழுதாகப் பூட்டியிருக்குமா?

முழுதாக இல்லை. துருவங்களுக்கு மேலே, வாலின் தொடக்கத்தில் மறுஇணைப்பு நடக்கும். ஆனால் அது வாலில் சக்தியைச் சேர்க்காது. வேகமான காற்று வந்து மோதி எல்லையை உள்ளே அமுக்கினாலும், புலம் வடக்கே நின்றால் பெரும் புயல் எழும்பாமலே போய்விடும்.

திசை அவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கால் காட்ட முடியுமா?

முடியும். ஓடும் கடத்தியில் தோன்றும் மின்புலம் = வேகம் × காந்தப்புலம். சாதாரண நாளில் செக்கனுக்கு 400,000 மீற்றர். புலம் 5 நனோதெஸ்லா, அதாவது 0.000000005 தெஸ்லா. பெருக்கினால் மீற்றருக்கு 0.002 வோல்ற்று. கையளவு தூரத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் காந்தமண்டலத்தின் குறுக்களவு சுமார் 190,000 கிலோமீற்றர். அந்த அகலம் முழுவதற்கும் கணக்கிட்டால் 380,000 வோல்ற்று வருகிறது. புலம் தெற்கே பார்த்திருக்கும்போது இதில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு உள்ளே இறங்கித் துருவப் பகுதியின் குறுக்கே நிற்கும்.

2024 மே புயலில் வேகம் 700க்கு ஏறியது; தென்முகப் புலம் 50 நனோதெஸ்லா வரை போனது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தென்முகப் புலமோ பத்து மடங்கு. பெருக்கிப் பாருங்கள்: மீற்றருக்கு 0.035 வோல்ற்று. பதினேழு மடங்குக்கு மேல். (உள்ளே இறங்கும் பங்கு அதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகாது, மிகப் பெரிய புயல்களில் ஒரு மட்டத்தில் தேங்கிவிடும்.) இதே காற்று இதே வேகத்தில் வடக்கே பார்த்த புலத்தோடு வந்திருந்தால் கனடாவில் இருந்து ஒரு படமும் வந்திராது.

வாலில் சேர்ந்த சக்தி என்ன ஆகிறது?

மாரி காலத்து இரணைமடுக் குளத்தை எண்ணிப் பாருங்கள். கனகராயன் ஆற்றால் தண்ணீர் வந்து வந்து மட்டம் ஏறுகிறது. கட்டில் நிற்கிறவர் கண்ணுக்குக் குளம் அமைதியாகத்தான் தெரியும். வான்கதவு திறந்ததும் அவ்வளவு நாள் சேர்ந்தது ஒரேயடியாகப் பாய்கிறது. வாலிலும் புலம் ஒரு மணித்தியாலம் அளவில் சேருகிறது, பிறகு சில நிமிடத்தில் விடுபடுகிறது. குளத்தில் மட்டத்தைப் பார்த்துக் கதவைத் திறக்க ஆள் இருக்கிறார். வாலில், படலம் அளவுக்கு மீறி மெலிந்ததும் தானாகவே உடைகிறது. இதற்குத் துணைப்புயல் என்று பெயர்.

விடுபட்ட சக்தியில் ஒரு பகுதி இலத்திரன்களைக் கோடுகள் வழியே துருவப் பக்கத்து வளிமண்டலத்துக்குள் இறக்குகிறது. 100 முதல் 150 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் அணு பச்சையாக ஒளிரும். 200 கிலோமீற்றருக்கு மேலே அதே ஒட்சிசன் சிவப்பாக ஒளிரும். சொந்தக்காரர் அனுப்பிய படங்களின் துருவ ஒளி இதுதான். போன் கமெரா சில செக்கன் ஒளியைச் சேர்த்துப் பிடிப்பதால் படத்தில் நிறம் தூக்கலாகத் தெரியும். அங்கே நின்றவர்களின் வெறுங்கண்ணுக்கு அவ்வளவு நிறம் தெரிந்திருக்காது.

லடாக்கிலும் தெரிந்ததாமே, வன்னியில் ஏன் தெரியவில்லை?

உண்மைதான். லடாக்கில் ஹன்லே என்ற இடத்து வானாய்வு நிலையத்தில் மே புயலின்போது வானத்தின் வட அடியில் செந்நிற ஒளி பதிவானது. அது ஹன்லேக்கு நேர் மேலே நடந்தது என்று எண்ணவேண்டாம். மிக உயரத்தில் எழும் சிவப்பு ஒளி என்பதால் தூரத்தில் இருந்தும் அடிவானத்தில் எட்டிப் பார்த்தது.

வன்னி நிலைமை வேறு. காந்தக் கோடுகள் பூமிக்குக் கிடையாகப் படுத்திருக்கும் கோட்டைக் காந்த நடுக்கோடு என்பார்கள். அது வன்னிக்கு மிகக் கிட்டப் போகிறது. எங்கள் தலைக்கு மேல் 110 கிலோமீற்றரில் போகும் கோடு, தாழ்வான ஒரு வளைவாகப் போய்ப் பக்கத்திலேயே தரையில் இறங்கிவிடும். வாலில் இருந்து வரும் கோடு எதுவும் இங்கே காலூன்றுவதில்லை. துணிக்கைகள் கோட்டைத் தொடர்ந்துதான் வரும். வழி இல்லாத இடத்துக்கு அவை வராது. 1859 செப்ரெம்பரில் வந்த கரிங்ரன் புயல் பதிவில் உள்ள மிகப் பெரியவற்றில் ஒன்று. அதன் ஒளி கரிபியன் தீவுகள் வரை தெரிந்தது. அந்தளவு புயல் மறுபடி வந்தாலும் கிளிநொச்சி வானத்தில் துருவ ஒளியைத் தேடவேண்டாம்.

அப்படியானால் காந்தப் புயலுக்கும் எங்களுக்கும் தொடர்பே இல்லையா?

நிறையத் தொடர்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானிக்குத் தெரியும்.

முதலாவது, வளைய மின்னோட்டம். புயலின்போது வாலில் இருந்து பூமியை நோக்கித் தள்ளப்பட்ட துணிக்கைகள் பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றி ஓடத் தொடங்குகின்றன. நேரேற்றமுள்ளவை மேற்கேயும் இலத்திரன்கள் கிழக்கேயும் ஓடுவதால், மொத்தத்தில் மேற்கு நோக்கிய ஒரு பெரும் மின்னோட்ட வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தின் புலம் பூமியின் புலத்துக்கு எதிர்த் திசையில் விழும். அது அதிகம் உறைப்பது துருவத்தில் அல்ல, நடுக்கோட்டுப் பக்கத்தில். மே புயலில் நடுக்கோட்டை அண்டிய நிலையங்களில் புலம் சுமார் 400 நனோதெஸ்லா இறங்கியது. வன்னியின் 40,000இல் இது நூற்றுக்கு ஒரு பங்கு. துருவ ஒளிக்கு எட்டாத எங்கள் நிலம் புயலின் இந்தப் பகுதிக்கு நடுவிலேயே இருக்கிறது.

இரண்டாவது, நடுக்கோட்டு மின்தாரை. காந்த நடுக்கோட்டின் இரு பக்கமும் சுமார் மூன்று பாகை அகலத்தில், 105 கிலோமீற்றர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. கோடுகள் கிடையாக இருப்பதால் மேல்கீழாக ஓட வேண்டிய ஓட்டம் தடைபட்டு, கிடை ஓட்டம் பல மடங்கு பெருகுகிறது. இதை ஆராயத்தான் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 நவம்பர் 21இல் அங்கே இருந்து ஏவிய ரொக்கெற்றோடுதான் இந்தியாவின் விண்வெளி முயற்சி தொடங்கியது. திருநெல்வேலியிலும் இதற்கென்றே ஒரு ஆய்வுகூடம் இருக்கிறது. அவர்கள் தலைக்கு மேல் ஓடுகிற அதே தாரை, எந்தக் கடலையும் பொருட்படுத்தாமல், எங்கள் தலைக்கு மேலும் ஓடுகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பதினைந்து இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் விண்கலங்கள் அளந்த சூரியக் காற்றின் புலம் வடக்கில் இருந்து தெற்கே திரும்புகிறது. அது பூமியின் எல்லையை வந்து தொட்டதும் துருவத்துக்கு மேல் ஒரு மின்புலம் எழுகிறது. சில நிமிடங்களுக்குள் அந்த மின்புலம் அயன்மண்டலத்தின், அதாவது ஏற்றம் பெற்ற துணிக்கைகள் நிறைந்த மேல் வளிமண்டலத்தின், வழியே நடுக்கோடு வரைக்கும் வந்து, இந்தத் தாரையின் பலத்தை மாற்றிவிடுகிறது. நடுப்பகலில் வன்னியில் ஒரு நல்ல காந்தமானி இருந்தால் அந்தத் திருப்பத்தை அதில் பார்க்கலாம். எங்களுடைய பள்ளிக்கூடம் ஒன்றிலாவது அப்படி ஒரு கருவியை வைத்து, பிள்ளைகள் தினமும் பதிவெடுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

காந்தக் கோடு இங்கே கிடையாக இருப்பதை வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம், செலவே இல்லை. ஒரு தையல் ஊசியின் நடுவில் மெல்லிய நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசி சரிமட்டமாக நிற்கும்வரை முடிச்சை அங்கும் இங்கும் நகர்த்தி, பிறகு ஒரு துளி பசையால் ஒட்டிவிடுங்கள். காந்தமாக்கும் முன்பே இதைச் செய்யவேண்டும். இல்லாவிட்டால் சரிவு ஊசியின் பாரத்தால் வந்ததா காந்தத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. பசை காய்ந்ததும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால், ஒரே முனையால், ஒரே திசையில் இருபது முப்பது தரம் தடவுங்கள். இரும்புக் கதவு, மோட்டார்சைக்கிள், கம்பி போட்ட கொங்கிறீட்டுக்குக் கிட்ட வேண்டாம். முற்றத்து மரக் கொப்பு ஒன்றில் காற்றுப் படாமல் தொங்கவிட்டால் ஊசி வடக்குத் தெற்காகத் திரும்பி, ஏறக்குறைய மட்டமாகவே நிற்கும்.

இதே ஊசியை டெல்லிக்குக் கொண்டு போனால் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் கீழே குத்தும். லண்டனில் அறுபதைத் தாண்டும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைப் பக்கம் போனால் மறுவளமாக வடமுனை சற்று மேலே தூக்கும். லண்டனில் இருக்கும் மாமாவின் பிள்ளையோடு வீடியோ அழைப்பில் ஒரே நேரத்தில் செய்து பாருங்கள். பாடப்புத்தகத்துப் படத்தைவிட இது நன்றாக மனதில் நிற்கும்.

புயல் நேரத்தில் திசைகாட்டி பிழையாகக் காட்டுமா?

இங்கே அப்படிக் காட்டாது. வளைய மின்னோட்டத்தின் புலம் பெரும்பாலும் வடக்குத் தெற்குக் கோட்டிலேயே விழுவதால், அது ஊசியை இழுக்கும் பலத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர ஊசியைத் திருப்பாது.

கடலுக்குப் போகிறவர்களின் ஜிபிஎஸ் கருவிக்கு என்ன ஆகும்?

நடுக்கோட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு இது முக்கியமான கேள்வி. பொழுது பட்டதும் இங்கே அயன்மண்டலம் மேலே எழும்பி, அதன் அடியில் இருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். செய்மதியின் சமிக்ஞை அவற்றுக்கூடாக வரும்போது நடுங்கும். இரவு ஏழு மணி தொடங்கி நடுச்சாமம் வரை, அதுவும் பங்குனி, புரட்டாதி மாதங்களை ஒட்டி, சூரியன் துடிப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது கூடும். காந்தப் புயல் இல்லாத நாளிலும் வரும். புயல் சில நேரம் இதைக் கூட்டும், சில நேரம் எழவிடாமல் அடக்கிவிடும்.

முல்லைத்தீவுக் கரையில் இருந்து பின்னேரம் வள்ளம் இறக்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கருவி சில செய்மதிகளை விட்டுவிடலாம், காட்டும் இடம் சில மீற்றர் தள்ளி ஆடலாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அதை நம்பிச் சட்டென்று திசையை மாற்றவேண்டாம். சாதாரண திசைகாட்டி ஒன்று வள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் வானொலி திடீரென்று இரைந்து மங்கியது இதனாலா?

மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டவர்கள் இதைக் கேட்கிறார்கள். சிற்றலை வானொலி, அயன்மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான் எங்களிடம் வந்தது. ஆகவே சூரியனின் கை அதில் உண்டு. பகலில் சில நிமிடம் தொடங்கி ஒரு மணித்தியாலம் வரை எல்லாச் சிற்றலையும் ஒன்றாக அடங்கிப்போனால், அது சூரியச் சுவாலையின், அதாவது சூரியனில் திடீரென்று எழும் ஒளி வெடிப்பின், எக்ஸ் கதிராக இருக்கலாம். அந்தக் கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். காந்தப் புயல் அப்படி அல்ல. ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வந்து, இரவு அலைவரிசைகளை நாள்கணக்கில் குழப்பும். ஆனால் அந்த நாட்களின் ஒவ்வொரு இரைச்சலையும் சூரியன் தலையில் போடக்கூடாது. டைனமோவை மிதிக்கிறவர் களைத்தாலும் சத்தம் மங்கும். அலையைக் குழப்பவென்று வேண்டுமென்றே செய்த இடையூறுகளும் உலகில் இருந்தன.

சூரியப் புயலால் மின்வெட்டு வருமா?

1989 மார்ச் 13இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வந்தது. சுமார் 60 இலட்சம் பேருக்கு ஒன்பது மணித்தியாலம் மின்சாரம் இல்லை. துருவ ஒளிக்குக் கீழே இருக்கும் நிலமும், மின்னைக் கடத்தாத பாறையும், மிக நீண்ட மின்கம்பிகளும் சேர்ந்ததால் நடந்தது அது. வன்னியில் லைன் போவதற்குச் சூரியனைக் காரணம் சொல்லத் தேவையில்லை.

புயல் உடம்பைப் பாதிக்கும், இரவில் போனை அணைத்து வையுங்கள் என்று வாட்சப்பில் வருகிறதே?

பொய். தரையில் நிற்கிற எவருடைய உடம்பையும் காந்தப் புயல் தொடாது. தலைக்கு மேலே அவ்வளவு தடித்த வளிமண்டலம் இருக்கிறது. விண்வெளி வீரர்களும் துருவப் பாதையில் பறக்கும் விமானங்களும் கவனமாக இருக்கவேண்டும். நாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம், பக்கத்தில் போன் இருந்தாலும்.

காந்தமண்டலம் இல்லாவிட்டால் பூமியில் உயிரே இருந்திராதாமே?

பல இடங்களில் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். செவ்வாய்க்கு முழுக் கிரகத்தையும் மூடும் காந்தப்புலம் இல்லை. சூரியக் காற்று அதன் வளியை இன்றும் உரித்துக்கொண்டு போவதை மேவன் விண்கலம் 2014இல் இருந்து அளந்து வருகிறது. ஆனால் வெள்ளிக்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லை, அதன் வளிமண்டலமோ எங்களுடையதைவிடத் தொண்ணூறு மடங்கு அழுத்தமானது. கிரகத்தின் ஈர்ப்பு, அதன் எரிமலைகள், சூரியனில் இருந்து தூரம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. காந்தமண்டலம் ஒரு காரணி. பிள்ளைகள் பரீட்சையில் எழுதும்போதும் அப்படியே எழுதட்டும்.

புயல் வருவது முன்கூட்டியே தெரியுமா?

பாதி தெரியும். சூரியனில் இருந்து பிளாஸ்மா முகில் கிளம்புவதைக் கமெராவில் பார்க்கலாம். எப்போது வந்து சேரும் என்று மணித்தியாலக் கணக்கில் மதிப்பிடலாம். அதனுள் புலம் வடக்கே பார்க்கிறதா தெற்கே பார்க்கிறதா என்பதுதான் அந்தப் படத்தில் தெரியாது. புலத்தின் மேல் நேரே போய் நின்று அளந்தால்தான் தெரியும்.

அதற்காகச் சூரியப் பக்கமாகப் பதினைந்து இலட்சம் கிலோமீற்றரில், எல்1 என்ற புள்ளியைச் சுற்றிக் காவல் நிற்கும் விண்கலங்கள் இருக்கின்றன. 1997இல் ஏவிய ஏஸ், அப்புறம் இந்தியாவின் ஆதித்யா எல்1. ஆதித்யா 2023 செப்ரெம்பர் 2இல் ஸ்ரீஹரிக்கோட்டாவில் இருந்து கிளம்பி 2024 ஜனவரி 6இல் தன் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, தமிழ்நாட்டில் செங்கோட்டை என்ற ஊரில் பிறந்த பெண். அந்தக் கலத்தில் காந்தமானியும் இருக்கிறது, சூரியக் காற்றை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு நிகர் ஷாஜியைப் பற்றி நான் தவறாமல் சொல்வதுண்டு.

காற்று செக்கனுக்கு 500 கிலோமீற்றரில் வந்தால் எல்1இல் இருந்து பூமிக்கு 50 நிமிடம். 800இல் வந்தால் அரை மணித்தியாலம். தெற்கா வடக்கா என்ற விடை எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அந்த அளவீட்டை நானே பார்க்க விரும்புகிறேன். எந்த எண்ணைப் பார்க்கவேண்டும்?

அமெரிக்க விண்வெளி வானிலை மையத்தின் இணையத்தளத்தில் சூரியக் காற்றின் அளவுகள் நேரடியாக ஓடிக்கொண்டிருக்கும், போனிலேயே பார்க்கலாம். வேகத்தை முதலில் பார்க்காதீர்கள். பி.இசெட் என்று ஒரு வரைகோடு இருக்கும். அதுதான் புலத்தின் வடக்குத் தெற்குப் பங்கு. பூச்சியத்துக்கு மேலே என்றால் வடக்கு, கீழே என்றால் தெற்கு. சில நிமிடம் கீழே போய் மேலே வருவது நாளாந்தம் நடப்பது. மைனஸ் 10 நனோதெஸ்லாவுக்குக் கீழே மூன்று மணித்தியாலம் போல விடாமல் நின்றால் புயல் எழும்பும் என்று எதிர்பார்க்கலாம். அதோடு வேகமும் 600, 700 என்று இருந்தால், கனடாவில் இருக்கிற சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பி, இரவில் வெளியே வந்து வடக்கு வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு கியோட்டோ பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் டி.எஸ்.ரி என்ற சுட்டெண்ணைத் திறந்து பாருங்கள். ஹொனலுலு, சான் ஹுவான், தென்னாபிரிக்காவின் ஹெர்மானஸ், ஜப்பானின் ககியோக்கா ஆகிய நான்கு நிலையங்களின் பதிவில் இருந்து எடுப்பது அது. துருவ ஒளியின் குழப்பமும் எங்கள் மின்தாரையின் குழப்பமும் எட்டாத தூரம் பார்த்துத் தெரிந்தெடுத்த இடங்கள் அவை. பி.இசெட் தெற்கே திரும்பிய சில மணித்தியாலத்தில் அந்த எண் கீழே இறங்கத் தொடங்கும். இரண்டு பக்கத்திலும் இருப்பது உலகப் பொது நேரம். எங்கள் நேரம் வேண்டுமென்றால் அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.